கரையில் நின்றவர்களுக்குப் பொன்னாடை

பிரிட்டனின் நீர்க்குதி வீரர் டாம் டேலியைப் பாராட்டி முடித்துவிட்டார்கள். 2008 பெய்ஜிங் தொடங்கி 2024 பாரிஸ் வரை ஐந்து ஒலிம்பிக், அதில் ஐந்து பதக்கம்: ஒரு தங்கம், ஒரு வெள்ளி, மூன்று வெண்கலம். பத்து மீட்டர் மேடையிலிருந்து தனியாகவும் குதித்தார், ஜோடி சேர்ந்தும் குதித்தார். பாரிஸ் முடிந்ததும் போதும் என்று சொல்லி ஓய்வுபெற்றார். மாலை மரியாதை எல்லாம் ஆயிற்று.

எனக்கு ஒரு மனக்குறை. குதித்தவருக்கு மாலை போட்டீர்கள், சரி. அவர் குதிப்பதைக் கரையில் நின்று பார்த்து, கணக்குப் போட்டு, கண்டித்து, அதட்டி ஆளாக்கியவர்களை ஏன் விட்டுவிட்டீர்கள்? விழாவில் தலைவரை மேடையேற்றிவிட்டுப் பந்தல் போட்டவரைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்புகிற வழக்கம் நமக்கு உண்டுதான். ஆனாலும் இது ரொம்ப அநியாயம். இந்தக் கட்டுரையில் பொன்னாடை அவர்களுக்கு.

முதலில், குதிப்பவரின் வேலை எத்தனை சுலபம் என்று பார்த்துவிடலாம். பத்து மீட்டர் என்பது மூன்று மாடி உயரம். அங்கிருந்து தண்ணீரைத் தொட ஒன்றரை நொடிகூட ஆகாது. அதற்குள் மூன்றரைக் கரணம் அடிக்கலாம், அல்லது இரண்டரைக் கரணத்தோடு இரண்டரை முறுக்கு சேர்த்துக்கொள்ளலாம். தண்ணீருக்குள் இறங்கும்போது முழங்கால் மடங்கக் கூடாது, கால் விரல் நீண்டிருக்க வேண்டும். சுழல்கிற வேகத்தில் எது கூரை, எது தண்ணீர் என்று கண்ணுக்குப் பிடிபடாது என்பதற்காக நீர்ப்பரப்பின்மேல் தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். கடைசிக் கணத்தில் ஒரு கையால் மறுகையைப் பற்றி, உள்ளங்கையைத் தட்டையாகத் தண்ணீருக்குக் காட்ட வேண்டும். அப்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அந்த அடியை வாங்குவது மணிக்கட்டு என்பதால் அதில் பட்டை சுற்றியிருப்பார்கள். நேராக இறங்கினால் துணி கிழிவதுபோல ஒரு சத்தம் கேட்கும், தெறிப்பு இருக்காது. கொஞ்சம் கோணினால் தண்ணீர் முதுகில் அறைந்து சிவக்க வைக்கும். அவ்வளவுதான் வேலை. ஆண்களுக்கு ஆறு குதி, கூட்டிப் பார்த்தால் ஒன்பது நொடிகூட இல்லை.

கரையில் இருப்பவர்களின் உழைப்பை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜோடிக் குதிக்குப் பதினோரு நடுவர்கள். மூன்று பேர் ஒருவரைப் பார்க்க, மூன்று பேர் மற்றவரைப் பார்க்க, மீதி ஐந்து பேர் இரண்டு பேரும் சேர்ந்து விழுகிறார்களா என்று மட்டும் பார்க்க. விழுகிறவர்கள் இரண்டே பேர்; விழுவதைப் பார்க்கப் பதினொன்று. எது கஷ்டமான வேலை என்று அந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

வயது விஷயத்தில் பெரியவர்கள் காட்டிய கருணைக்கும் ஒரு பொன்னாடை உண்டு. 1991இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், சீனாவின் ஃபூ மிங்ஷியா மேடைக் குதியில் உலக சாம்பியன் ஆனபோது அவருக்கு 12 வயது. இத்தனை சின்னக் குழந்தையை மூன்று மாடியிலிருந்து தலைகீழாக விழச் சொல்வது அடுக்குமா என்று பெரியவர்களின் மனசாட்சி உறுத்தியது. ஒலிம்பிக்கிலும் உலகப் போட்டியிலும் குதிக்க வேண்டுமானால் 14 ஆகியிருக்க வேண்டும் என்று விதி வந்தது. முழுசாக இரண்டு வருஷம் தள்ளி வைத்தார்கள்! ஒன்பதாம் வகுப்பில் உட்காரப்போகிற பிள்ளை, அதற்குமேல் என்ன பக்குவம் வேண்டும்? பிளைமவுத் நகரத்து டேலி 2008 மார்ச்சில், 13 வயதில், ஐரோப்பிய சாம்பியன் ஆனான். மே மாதம் 14 முடிந்தது. ஆகஸ்டில் பெய்ஜிங் மேடையில் நின்றான்.

அங்கே ஜோடிக் குதிக்குத் துணை பிளேக் ஆல்ட்ரிஜ். வயது 26, அண்ணன் ஸ்தானம். எட்டு ஜோடிகளில் எட்டாவதாக வந்தார்கள். காரணத்தை ஆல்ட்ரிஜ் மூடி மறைக்கவில்லை. பையனுக்குப் படபடப்பு, அவன் அவனாகவே இல்லை என்று பத்திரிகைக்காரர்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். தம்பியின் தோல்வியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அவனைக் கெட்டுப்போகவிடும் அண்ணன்மாரை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம். இவர் அப்படி இல்லை. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஆல்ட்ரிஜ் செல்பேசியில் தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார் என்று பையன் பிறகு சொன்னான். இதையும் குற்றம் என்றால் எப்படி? பெற்ற தாயை நினைக்க நேரம் காலம் உண்டா? ஜோடிக் குதி என்பது மேடை விளிம்பில் ஒருவர் வாயால் எண்ணுவதை மற்றவர் காதில் வாங்கி, ஒரே மூச்சில் காலை எடுப்பது. காது கொஞ்ச நேரம் அம்மாவிடம் போயிருந்தது, அவ்வளவே. போட்டியில் இருக்கிறோம் என்று ஞாபகப்படுத்தியவன் 14 வயதுக்காரன், ஞாபகப்படுத்தப்பட்டவர் 26 வயதுக்காரர். படபடப்பு யாருக்கு என்பது அத்தோடு தெளிவாகிவிடுகிறது.

தனிநபர் போட்டியில் ஏழாவதாக வந்து ஊர் திரும்பியவனைப் பள்ளிக்கூடத்துத் தோழர்கள் மறக்காமல் கவனித்துக்கொண்டார்கள். பட்டப்பெயர் வைத்தார்கள், பொருட்களைத் தூக்கி எறிந்தார்கள், காலை உடைப்போம் என்றார்கள். விளையாட்டு வீரனுக்குக் காலின் அருமையை எந்தப் பயிற்சியாளரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை. நன்றி தெரியாத அப்பா, 2009இல் பையனை அங்கிருந்து எடுத்து வேறு பள்ளியில் போட்டுவிட்டார்.

அந்த அப்பாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பெயர் ராப் டேலி. 2009 கோடையில் ரோம் நகரில் 15 வயதுப் பையன் உலக சாம்பியன் ஆனான். பத்திரிகையாளர் கூட்டம் நடக்கிறது. எத்தனையாவது குதியில் நம்பிக்கை வந்தது, அடுத்த இலக்கு என்ன என்று பொறுப்பான கேள்விகள் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு மனிதர் கை தூக்குகிறார். நான் டாமின் அப்பா, ஒரு தடவை கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். பையன் வெட்கத்தில் நெளிகிறான். அவரும் கரையில் நின்றவர்தான். ஆனால் மதிப்பெண் கேட்கவில்லை, தெறிப்பைப் பற்றிக் கருத்துச் சொல்லவில்லை, அடுத்து லண்டன் என்று நினைவூட்டவில்லை. அதனால் அவருக்குப் பொன்னாடை கிடையாது. தகுதிக் குறைவு.

நமக்கும் இதில் பங்கு உண்டு, விட்டுவிடக் கூடாது. 2010 அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் விளையாட்டில் அந்த 16 வயதுப் பையன் மேடைக் குதியில் இரண்டு தங்கம் வாங்கினான். ஜோடிக் குதியில் மேக்ஸ் பிரிக்கோடு ஒன்று. தனியாக இன்னொன்று, அதுவும் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம் வென்ற மேத்யூ மிச்சமைத் தாண்டி. நம் தலைநகரத்துக் குளத்தில், நம் வரிப்பணத்தில் கட்டிய மேடையில் நடந்த விஷயம். அந்தப் போட்டிகளைப் பற்றி இன்று யாரைக் கேட்டாலும் ஊழலையும் காலி இருக்கைகளையும் மணிமணியாகச் சொல்வார்கள். விளையாட்டை ஞாபகம் வைத்துக்கொண்டு மூளையைக் கெடுத்துக்கொள்ளாத நம் அடக்கத்துக்கு ஒரு கைத்தறித் துண்டாவது போர்த்த வேண்டும்.

2011 மே மாதம், பையனுக்கு 17 முடிந்து ஆறாம் நாள், ராப் டேலி மூளைக் கட்டியால் இறந்துபோனார். வயது 40. இனி பையனை அவன் என்று எழுத மனம் வரவில்லை.

அப்பா இல்லாத வீட்டுக்குப் பெரியவர்களின் அறிவுரை தேவை. பிரிட்டிஷ் குதி விளையாட்டின் செயல்திறன் இயக்குநராக இருந்த அலெக்ஸி எவாங்குலோவ் அதை உணர்ந்தவர். லண்டன் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, டேலி ஊடக வேலைகளில் அதிகம் மினுக்குகிறார், பயிற்சி போதாது என்று உலகம் கேட்கும்படி சொன்னார். டென்னிஸ் வீராங்கனை அன்னா கோர்னிகோவாவோடு ஒப்பிட்டார். வீட்டுக்குள் கூப்பிட்டுச் சொன்னால் பிள்ளைக்கு உறைக்காது, தெருவில் வைத்துச் சொன்னால்தான் உறைக்கும் என்பது அனுபவசாலிகள் கண்ட உண்மை. போட்டியை விற்க அதே முகத்தைச் சுவரொட்டியிலும் விளம்பரத்திலும் ஊரெல்லாம் ஒட்டிவிட்டு, முகம் ஏன் எங்கு பார்த்தாலும் தெரிகிறது என்று கோபித்துக்கொள்வதற்கும் ஒரு தனித் திறமை வேண்டும்.

லண்டன் வந்தது. 2012 ஜூலை 30. ஜோடிக் குதியில் பீட்டர் வாட்டர்ஃபீல்டோடு டேலி. மூன்று குதி வரை முதலிடம். நாலாவது குதி சொதப்பியது, நாலாவது இடத்தில் முடிந்தது. அன்றைக்கே ட்விட்டரில் ஒருவர், நீ உன் அப்பாவை ஏமாற்றிவிட்டாய் என்று எழுதினார். எழுதியவருக்கு 17 வயது, வாசித்தவருக்கு 18. அப்பா இறந்து பதினாலு மாதம். நாட்டில் எல்லோரும் ஐயோ பாவம் நாலாவது இடம் என்று பொய்யாக உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தபோது, இறந்தவரின் மனதில் இருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அவர் ஒருவர்தான். போலீசுக்கு ரசனை இல்லை. கைது செய்து எச்சரித்து அனுப்பியது.

ஆகஸ்ட் 11, தனிநபர் இறுதி. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த விழாவின் பெரிய பொன்னாடை இந்தக் கூட்டத்துக்குத்தான். 17,500 பேர் உட்காரும் அரங்கம். அறிவிப்பாளர் உள்ளூர்ப் பிள்ளையின் பெயரைச் சொன்னதும் கூரை இடிந்து விழுகிற மாதிரி ஆரவாரம், பிறகு அமைதி. டேலி விளிம்புக்கு வருகிறார். காலை உதைத்துச் சுழல ஆரம்பிக்கிறார். சுழலும்போது கண் ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீரைத் தொட்டு, தொட்டு, தொட்டு வர வேண்டும். அந்தக் கணக்கில்தான் எப்போது உடம்பை விரிப்பது என்று தெரியும். சரியாக அந்த நொடியில் அரங்கம் முழுக்க கேமராக்கள் பளிச்சிட்டன. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பொட்டுகள். உங்கள் மேல் எங்களுக்கு எவ்வளவு ஆசை என்று ஒருவரிடம் சொல்வதற்கு அவர் தலைகீழாக விழுந்துகொண்டிருக்கும் ஒன்றரை நொடியைத் தேர்ந்தெடுத்த பிரியத்தை என்னவென்று புகழ்வது?

டேலி நடுவரிடம் முறையிட்டார். மறுபடி குதிக்க அனுமதி கிடைத்தது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. கடைசிச் சுற்றுக்கு முன் முதலிடத்தில்கூட இருந்தார். முடிவில் அமெரிக்காவின் டேவிட் பூடியா 568.65, சீனாவின் சியூ போ 566.85, டேலி 556.95. வெண்கலம். கூட்டாளிகள் உடையோடு குளத்தில் குதித்துக் கொண்டாடினார்கள்.

ரசிகர்களின் பரிசு அதோடு தீரவில்லை. ட்விஸ்டர் என்று அவர் அழைத்த ஒரு குதி உண்டு. பின்பக்கமாக இரண்டரைக் கரணம், இரண்டரை முறுக்கு. லண்டனுக்குப் பிறகு அந்தக் குதிக்கு மேடையேறும்போதெல்லாம் அந்த வெளிச்சம் கண்ணுக்குள் வந்துவிட்டது என்று பின்னாளில் சொன்னார். உடம்பு மறுத்தது. மூன்று வருஷம் கழித்து அந்தக் குதியையே கைவிட்டு, புதிதாக ஒன்றைப் பழகினார். அதற்குக் கிடைத்த பெயர் ஃபயர்வொர்க், அதாவது வாணவேடிக்கை. வெளிச்சத்தைக் கண்டு வெலவெலத்தவர் வெளிச்சத்தின் பெயரையே வைத்துக்கொண்டார். கரணம் தப்பினால் மரணம் என்று நம் பாட்டிமார் சொன்னது பழைய காலம். இப்போது கரணம் தப்பினால் தலைப்புச் செய்தி, தப்பாவிட்டால் புகைப்படம்.

தொலைக்காட்சியையும் சும்மா சொல்லக் கூடாது. 2013இல் பிரிட்டனில் ஒரு சானல் டேலியை வாத்தியாராக வைத்து, பிரபலங்கள் நீச்சல் உடையில் தொபீர் தொபீரென்று விழும் நிகழ்ச்சி நடத்தியது. ஏழு வயதில் தொடங்கி ஒரு மனிதர் பொழுதெல்லாம் எதற்காகப் பயிற்சி செய்கிறார்? தெறிப்பு வரக் கூடாது என்பதற்காக. நிகழ்ச்சிக்கு வைத்த பெயர் ஸ்பிளாஷ்.

அதே வருஷம் பத்திரிகைக்காரர்கள் இன்னொரு சேவையும் செய்தார்கள். அவர் யாரைக் காதலிக்கிறார் என்பது தேசத்தின் தலையாய பிரச்சினையாக இருந்தது. ஒரு பேட்டியில் தான் சொல்லாததைச் சொன்னதாக வந்துவிட்டது என்று டேலி வருத்தப்பட்டார். டிசம்பர் 2ஆம் தேதி யூடியூபில் தானே முகத்தைக் காட்டி, ஒரு ஆணைக் காதலிக்கிறேன் என்று நிதானமாகச் சொன்னார். சொல்லாததை எழுதி ஒருவரைச் சொல்ல வைப்பது லேசான கலை அல்ல. 19 வயதில் ஒருவர் தன் வீட்டு விஷயத்தைத் தன் வாயாலேயே சொல்லும் வரை காத்திருந்தால் அப்புறம் பத்திரிகை எதற்கு?

ரியோவில் விதிமுறைகளின் அழகைப் பார்த்தோம். 2016இல் டேன் குட்ஃபெல்லோவோடு ஜோடிக் குதியில் வெண்கலம். தனிநபர் முதல் சுற்றில் 571.85 எடுத்து முதலிடம். லண்டனில் தங்கம் வாங்கிய மதிப்பெண்ணைவிட அதிகம். ஆனால் முதல் சுற்றில் எடுத்தது முதல் சுற்றோடு போயிற்று, அரையிறுதியில் கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். அரையிறுதியில் 18 பேரில் பதினெட்டாவது. நேற்றுச் சாப்பிட்ட விருந்துக்கு இன்று பசி அடங்காது என்ற ஞானத்தை இவ்வளவு துல்லியமாக எந்த மடத்திலும் போதிப்பதில்லை. மறு வருஷம் புடாபெஸ்டில் அவர் மீண்டும் உலக சாம்பியன் ஆனார். ஒலிம்பிக் இல்லாத வருஷம் என்பதால் கரையில் கூட்டம் குறைவு.

டோக்கியோவில், 2021 ஜூலை 26, மேட்டி லீயோடு குதித்துத் தங்கம். 471.81. சீனாவின் சாவ் யுவான், சென் ஐசென் ஜோடி 470.58. வித்தியாசம் 1.23. அந்தப் போட்டியில் 2004 முதல் நான்கு ஒலிம்பிக்காகச் சீனா யாருக்கும் தராத தங்கம் அது. பெய்ஜிங் மேடையில் ஏறி 13 வருஷம் ஆகியிருந்தது. சில நாள் கழித்து, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கம்பளி நூலில் ஏதோ பின்னிக்கொண்டிருந்த அவரைக் கேமரா பிடித்தது. பிறகென்ன, உலகம் முழுக்க அந்தப் படம்தான். ஆண்பிள்ளை கையில் பின்னல் ஊசி! கீறல் விழாமல் இருக்கப் பதக்கத்துக்கு அவர் பின்னிய பைக்குக் கிடைத்த பேரும் புகழும், அந்தப் பைக்குள் இருந்த 1.23 புள்ளிக்குக் கிடைக்கவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று கூட்டத்துக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது.

பொன்னாடையை ஆங்கிலேயர்களுக்கே கொடுத்துத் தீர்த்துவிட்டேன் என்று யாரும் குறை சொல்ல வேண்டாம். அதே டோக்கியோவில் பெண்கள் மேடைக் குதியில் சீனாவின் சுவான் ஹோங்சான் 466.20 எடுத்துத் தங்கம் வென்றார். ஐந்து குதியில் மூன்றுக்குப் பத்துக்குப் பத்து. வயது, நீங்கள் நினைத்ததுதான், 14. ஆரஞ்சுத் தோட்டக்காரரின் மகள். அம்மாவின் வைத்தியத்துக்குப் பணம் சம்பாதிக்க வேண்டும் என்று சொன்ன பிள்ளை. அடுத்த சில நாட்களில் அவருடைய கிராமத்து வீட்டு வாசலில் செல்பேசியோடு கூட்டம் கூடிவிட்டது, நேரலைக்காரர்கள் உட்பட. நோயாளி இருக்கும் வீட்டுக்கு இப்படி ஆள் ஆளாக வந்து நலம் விசாரிக்கும் பண்பாடு ஆசியாவில்தான் உண்டு என்று நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம்.

டோக்கியோவுக்குப் பிறகு டேலி ஏறக்குறைய விலகியே இருந்தார். மகன் ராபி, அப்பா ஒலிம்பிக்கில் குதிப்பதைப் பார்க்க வேண்டும் என்றான். திரும்பி வந்தார். பாரிஸில் தொடக்க விழாவில் கொடி பிடித்தார், நோவா வில்லியம்ஸோடு ஜோடிக் குதியில் வெள்ளி வாங்கினார். ராபி என்பது ராபர்ட், தாத்தாவின் பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. அவனும் கரையில்தான் நின்றான். மதிப்பெண் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தான். தாத்தாவைப் போலவே அவனுக்கும் இந்தப் பட்டியலில் இடம் இல்லை.

மற்ற எல்லோருக்கும் இருக்கிறது. 2028இல் லாஸ் ஏஞ்சலிஸ். 14 முடிந்த ஏதோ ஒரு பிள்ளை மணிக்கட்டில் பட்டை சுற்றிக்கொண்டு படியேறும். பொன்னாடை கைவசம் நிறைய மிச்சம் இருக்கிறது. சீக்கிரமே வந்து கரையில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். செல்பேசியில் ஃபிளாஷ் எரிகிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்து வையுங்கள்.